பின்பலகையில் ஆள் இருக்கையில்

அந்தச் சனிக்கிழமை இரண்டு படகு பார்க்கப் போனோம். ஒன்று கோல்பியின் கூட்டாளி பிரென்ட் விற்க வைத்திருந்தது. இன்னொன்று ஐரீன் ஸ்ட்ரோபெல் என்கிற விதவையுடையது. இரண்டும் பழசு. இரண்டும் பின்னால் கயிறு கட்டி, தண்ணீர் மேல் ஆளை இழுத்துக்கொண்டு ஓடுகிற ஜாதி. ஒன்றை வாங்கிக் கோடை முழுக்கக் குடும்பத்தோடு ஏரிக்குப் போக வேண்டும் என்று கோல்பி ஆசைப்பட்டான். கோல்பி என் மருமகன். அவன் குடும்பத்தோடு எங்காவது போனால் யாராவது ஒருவர் முகம் வீங்கித் திரும்புவார். அந்த ஒருவர் பெரும்பாலும் என் மகள் ரோண்டா.

எனக்கும் அவனுக்கும் ஆகாது. பன்றி அறுக்கும் ஆலையில் காலமெல்லாம் வேலை பார்த்தவன் நான். அறுக்கப் போகிற பன்றியைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே கூட்டிப் போகிறவனைப் பார்த்திருக்கிறேன். கோல்பிக்கு அதே கை. முதல் நாளே சொன்னேன். யார் கேட்டார்கள்?

வியாழக்கிழமை ரோண்டா போன் செய்தாள்.

"அப்பா, சனிக்கெழம நீயும் வரணும்."

"எதுக்கு? அவன் மூஞ்சியப் பாத்தா எனக்குச் சோறு எறங்காது."

"படகு வாங்கினா அவன்தான் ஓட்டுவான். டெல்லாவும் ரூபியும் அவன் இழுக்கிற கயித்துல தொங்கப் போகுதுங்க. கோவம் வந்தா அவன் எப்படி ஓட்டுவான்னு பாக்கணும். நான் மட்டும் பாத்தா பத்தாது. நாளைக்கு நானே அத இல்லன்னு சொல்லிருவேன். நீயும் பாத்துரு."

"பாத்துட்டு?"

"ஆகாதுன்னு தெரிஞ்சா பிள்ளைங்களத் தூக்கிட்டு வந்துருவேன்."

இதற்கு முன்னால் இரண்டு தடவை வந்தாள். பை, பிள்ளைகள், உடைந்த மூக்கு எல்லாவற்றோடும். இரண்டு தடவையும் அவன் என் வாசலில் பூங்கொத்தோடு வந்து நின்றான். இரண்டு தடவையும் அவனோடு ஏறிப் போனாள். அதனால் அவள் பேச்சை நான் நம்பவில்லை. ஆனாலும் போனேன். டெல்லாவுக்கு ஒன்பது வயது, ரூபிக்கு ஆறு. இரண்டையும் அன்று என் தங்கச்சி வீட்டில் விட்டிருந்தாள்.

பிரென்ட்டின் படகு அவன் வீட்டு முற்றத்தில் இழுவண்டி மேல் நின்றது. கறுப்பு, சிவப்பு, பளபளப்பு. மேலே இரும்பு வளைவு, வளைவில் பானை மாதிரி நாலு ஒலிபெருக்கி. அடியில் தண்ணீர் நிரப்பும் பைகள். அவற்றை நிரப்பினால் படகு கனத்துப் பின்னால் ஆள் உயரத்துக்கு அலை எழும்பும். பலகையைக் காலில் கட்டிக்கொண்டு அந்த அலையில் குதிப்பார்கள். மெழுகு போட்டுத் துடைத்திருந்தான். துடைத்து வைத்த எதையும் நான் நம்புவதில்லை.

"எப்ப கடைசியா ஓட்டினீங்க?" என்று ரோண்டா கேட்டாள்.

"போன வாரம். அப்புறம் தொடவே இல்ல," என்றான் பிரென்ட். வாயில் புகையிலை.

ரோண்டா பின்மூடியைத் தூக்கி எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள்.

"சுடுது."

"வெயிலு."

"மூடி போட்டுல்ல இருந்துச்சு. காலையில கிளப்பிச் சூடு பண்ணி வச்சிருக்கீங்க. ஆறின எஞ்சின எங்க முன்னாடி கிளப்பிக் காட்டுங்க. நாங்க காத்திருக்கோம்."

எங்கள் பக்கம் பழைய படகு வாங்குகிறவன் முதலில் எஞ்சினைத்தான் தொட்டுப் பார்ப்பான். குளிர்காலத்துக்கு முன் தண்ணீரை வடிக்காமல் விட்டால் அது உள்ளேயே உறைந்து இரும்பைப் பிளந்துவிடும். பிளந்ததைப் பசை போட்டு மூடிச் சாயம் அடித்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆறிய எஞ்சினைக் கிளப்பும்போதுதான் குட்டு வெளிப்படும்.

பிரென்ட் கோல்பியைப் பார்த்துச் சிரித்தான். "என்னடா, சாண்ட்விச் போட்டுத் தரத்தான் கூட்டிட்டு வந்திருக்கன்னு நெனச்சேன். உன் வீட்டுல மெக்கானிக்கு இவளா?"

கோல்பியும் சிரித்தான். அவன் கழுத்து மட்டும் சிவந்தது. அந்தச் சிவப்பு எனக்குத் தெரியும்.

"அவ கேட்டதுக்குப் பதில் சொல்லுடா," என்றேன்.

"பெருசு, நீ போய் நெழல்ல உக்காரு. நெஞ்சு அடைச்சுக்கப் போவுது."

கீழே ஒரு ஸ்பானர் கிடந்தது. எடுத்து எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினேன். சாயம் சில்லாகப் பெயர்ந்தது. அதன் அடியில் சாம்பல் நிறப் பசை, கைநீளத்துக்கு.

பிரென்ட் என் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினான். இழுவண்டியின் கொக்கி மேல் விழுந்தேன். விலா எலும்பில் ஏதோ முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. படுத்தபடியே ஸ்பானரை வீசினேன். அவன் தலைக்குத்தான் குறி வைத்தேன். அது படகின் முன்கண்ணாடியில் பட்டு, கண்ணாடி உப்பு மாதிரி கொட்டியது. அவன் பூட்ஸ் காலால் என் தொடையில் இரண்டு தடவை உதைத்தான். மூன்றாவதுக்கு ரோண்டா குறுக்கே விழுந்தாள்.

கோல்பி நகரவில்லை. பீர் டப்பாவைத் திறந்து ஒரு வாய் குடித்தான். பிறகுதான், "போதும் விடுரா. கெழம் செத்துத் தொலைஞ்சா அடக்கச் செலவு என் தலைல விழும்," என்றான்.

பிக்கப்பில் ஏறினோம். நான் பின்னிருக்கையில். பாதை திரும்பியதும் கோல்பி ஒரு கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு, மறு கையால் ரோண்டாவின் பின்மண்டையைப் பிடித்துப் பக்கக் கண்ணாடியில் மோதினான். ஒரே மோதல்தான்.

"என் கூட்டாளி முன்னாடி," என்றான். "என் கூட்டாளி முன்னாடி என்னக் கேணயனாக்குற."

என்னிடம் மடக்குக் கத்தி இருந்தது. கை பையில் போய்விட்டது. பின்பார்வைக் கண்ணாடியில் ரோண்டா என்னைப் பார்த்தாள். நெற்றியோரம் ரத்தம் ஒரு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. தலையை இல்லையென்று ஆட்டினாள். கையை எடுத்துவிட்டேன். மலைப்பாதை. ஓட்டுகிறவனைக் குத்தினால் மூன்று பேரும் பள்ளத்தில்தான் கிடப்போம்.

"வீட்டுக்குத் திருப்பு," என்றேன்.

"ஏன்? உன் மக புடிச்சு வச்சிருக்காளே அந்தக் கெழவியோட டப்பா, அதையும் பாத்துருவோம். இவ அதுல எத்தன நேரம் நிக்கறான்னு பாக்கறேன்."

ஐரீன் ஸ்ட்ரோபெல் மிதவைத் துறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். இடுப்பு எலும்பு மாற்றியதிலிருந்து அவள் படகில் ஏறுவதில்லை. கழுத்தில் தொலைநோக்கி தொங்கியது. அக்கம்பக்கத்து வீடுகளில் யார் யாரோடு குடிக்கிறார்கள் என்பதை அவள் அதில்தான் தெரிந்துகொள்வாள் என்று ஊரில் பேச்சு.

படகு மஞ்சள் நிறம். தாழ்வாக, ஒல்லியாக, ஒலிபெருக்கி எதுவும் இல்லாமல் இருந்தது. நடுவில் பெட்டிக்குள் எஞ்சின். அதையொட்டி ஒரு இரும்புத் தூண், கயிறு கட்ட. படகைத் தள்ளுகிற விசிறி அதன் வயிற்றுக்கு அடியில் சுழலும். பின்னால் தண்ணீர் மட்டத்தில் தேக்கில் ஒரு பலகை, ஏறி இறங்க. காலில் ஸ்கீ என்கிற நீளப் பலகை கட்டிக்கொண்டு சறுக்குகிறவர்களுக்கென்றே செய்தது.

ரோண்டாவின் நெற்றியை ஐரீன் பார்த்தாள். என் கிழிந்த சட்டையைப் பார்த்தாள். கடைசியில் கோல்பியைப் பார்த்தாள்.

"எஞ்சினத் தொட்டுப் பாரு," என்றாள் ரோண்டாவிடம்.

பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்திருந்தது. எங்கள் முன்னாலேயே கிளப்பினோம். இரண்டு தடவை இருமிவிட்டு ஒழுங்காகப் பிடித்துக்கொண்டது. சில்லறைக் குறை எல்லாவற்றையும் கிழவி அவளாகவே சொன்னாள். இருக்கை கிழிசல், வேகமானி பொய் சொல்லும், சூடாகி நின்றால் உடனே கிளம்பாது. குறையைச் சொல்லி விற்கிறவளையும் நான் நம்புவதில்லை. பெரிய குறையை மறைக்கச் சின்னதைச் சொல்வார்கள். ஆனால் அவளிடம் நான் தேடிய பெரிய குறை எதுவும் கிடைக்கவில்லை.

"ஒருத்தர இழுத்துப் பாத்துட்டுத்தான் வாங்கணும்," என்றாள் ஐரீன். "சாவி இந்தா. ஒண்ணே ஒண்ணு. பின்பலகையில ஆள் இருக்கையில சாவியத் தொடக் கூடாது. என் வீட்டுக்காரரு ஓட்டோ இருந்த வரைக்கும் இதுல யாரும் தொட்டதில்ல."

"எனக்குப் படகு ஓட்டச் சொல்லித் தர்றியா?" என்றான் கோல்பி.

"ஆமா. ஏன், சொல்லித் தரக் கூடாதா?"

எங்கள் ஏரிக்கரையில் பிள்ளைகள் எழுத்து படிக்கும் முன்னால் அதைப் படித்துவிடும். பின்பலகையில் ஒருவர் கால் தொங்கும்போது எஞ்சின் பேசக் கூடாது. குடிகாரனும் மறக்க மாட்டான். விசிறியில் மாட்டிய கால் எப்படி இருக்கும் என்பதை ஊரில் எல்லாரும் ஒரு தடவையாவது பார்த்திருக்கிறார்கள். ஆலையில் எலும்போடு கறி அரைக்கிற இயந்திரத்தை நான் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

கோல்பி ஓட்டினான். நான் காவல் இருக்கை. பின்னோக்கி உட்கார்ந்து, கயிற்றில் வருகிறவரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் விழுந்தால் ஆரஞ்சுக் கொடியைத் தூக்க வேண்டும். அவர் கையால் காட்டுவதை ஓட்டுகிறவனிடம் கத்திச் சொல்ல வேண்டும். கட்டை விரல் மேலே என்றால் வேகம், கீழே என்றால் மெதுவு. ஓட்டுகிறவன் முன்னால் மட்டுமே பார்ப்பான். கயிற்றில் இருக்கிறவர் உயிர் காவல்காரன் வாயிலும் ஓட்டுகிறவன் கையிலும்.

மே மாதத் தண்ணீர். உள்ளே கால் வைத்தால் எலும்பு வலிக்கும். ரோண்டா மிதவைச் சட்டையை இறுக்கிக்கொண்டு ஒற்றை ஸ்கீயில் கிளம்பினாள். முதல் இழுப்பிலேயே எழுந்து நின்றாள். அலையைக் கடந்து வெளியே போய்ச் சாய்ந்தாள். தோள் தண்ணீரில் உரசுகிற அளவுக்குச் சாய்வு, பின்னால் ஒரு சுவர் மாதிரி தெறிப்பு. கல்யாணத்துக்கு முன்னால் சறுக்கியவள். அதற்குப் பிறகு அவள் சறுக்கி நான் பார்த்ததில்லை. சிரித்தாள்.

கோல்பி படகின் பின்பார்வைக் கண்ணாடியில் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டான்.

லீவரைத் தள்ளினான். படகு முன்னால் பாய்ந்தது. ரோண்டா கட்டை விரலைக் கீழே காட்டினாள்.

"மெதுவுங்கறா!" என்று கத்தினேன்.

இன்னும் தள்ளினான்.

"காது அவிஞ்சு போச்சா? மெதுவுங்கறா!"

"நல்ல படகுன்னாளே. நல்லாப் பாக்கட்டும்."

சக்கரத்தை இடப்பக்கம் ஒடித்தான். அந்த ஜாதிப் படகு நின்ற இடத்தில் திரும்பும். கயிறு தொய்ந்து, பிறகு வெடுக்கென்று இழுத்தது. ரோண்டாவை அது சாட்டை நுனி மாதிரி வீசியது. முகம் முன்னால் போக அவள் தண்ணீரில் அறைந்தாள். உருண்டு, எகிறி, மறுபடி அறைந்தாள். அந்த வேகத்தில் தண்ணீருக்கும் சிமெண்டுத் தரைக்கும் வித்தியாசம் கிடையாது.

கொடியைத் தூக்கினேன். கோல்பி வட்டமடித்துத் திரும்பினான். விழுந்தவரை ஓட்டுகிறவன் தன் பக்கம் வைத்துத்தான் வர வேண்டும், கண்ணில் படுகிற மாதிரி. அவன் அவளை மறுபக்கம் வைத்து, எட்டி உதைக்கிற தூரத்தில் உரசிக்கொண்டு போனான். அவள் தலை அலையில் முங்கி எழுந்தது. காதிலிருந்து ரத்தம்.

"போதும்," என்றாள். "ஏத்திக்கோ. காது கேக்கல."

"இன்னொரு தடவ."

"வேணாம் கோல்பி."

"கைப்பிடியப் புடிடி. பிரென்ட் படகுல நொட்ட சொன்னேல்ல? உன் படகு எப்படின்னு நீயே சொல்லு."

அவள் பிடித்தாள். ஏன் பிடித்தாய் என்று பிறகு கேட்டதற்கு, "பாக்கணும்னுதானே வந்தேன்," என்றாள். இரண்டாவது தடவை அவளைப் பாறைச் சரிவுப் பக்கம் கொண்டுபோனான். அங்கே தண்ணீருக்கு அடியில் பழைய காடு நிற்கிறது. அணை கட்டியபோது வெட்டாமல் விட்ட மரங்கள். மொட்டை நுனிகள் ஒரு சாண் ஆழத்தில் ஈட்டி மாதிரி இருக்கும். அந்த இடத்தில் யாரும் ஆளை இழுக்க மாட்டார்கள்.

"அடேய், அங்க மரம்டா!"

"தெரியும்."

அதைச் சொல்லும்போது அவன் குரல் ரொம்ப அமைதியாக இருந்தது. மறுபடி ஒடித்தான். ரோண்டா கயிற்றை விட்டுவிட்டாள். விட்டும் வேகம் அவளை உருட்டிக்கொண்டு போனது. ஸ்கீ எதிலோ மோதி இரண்டாகப் பிளந்தது. அவள் எழும்பாத ஒரு நேரம் இருந்தது. அது எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு தலை தெரிந்தது. தொடையில் ஆழமாகக் கிழிந்திருந்தது. தண்ணீர் பழுப்பாக மாறியது.

இந்தத் தடவை எஞ்சினை அணைத்தான். படகு மிதந்து அவள் பக்கம் போனது. அவள் நீந்தி வந்து பின்பலகையில் முழங்கைகளை வைத்துத் தொங்கினாள். கால்கள் இன்னும் தண்ணீருக்குள்.

"பாத்துட்டேன்," என்றாள். என்னிடம் சொல்லவில்லை, அவனிடம் சொன்னாள். "நீ ஓட்டுற எதுலயும் என் பிள்ளைங்க ஏறாது. படகும் சரி, வண்டியும் சரி. இன்னிக்கே கூட்டிட்டுப் போயிருவேன்."

கோல்பி திரும்பிப் பார்த்தான். அவள் எங்கே தொங்குகிறாள் என்று நன்றாகப் பார்த்தான். கை சாவிக்குப் போனது.

"ஆள் இருக்காடா!" என்றேன்.

சாவியைத் திருப்பினான்.

எஞ்சின் சூடாக இருந்ததால் உடனே பிடிக்கவில்லை. விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. பலகைக்கு அடியில் தண்ணீர் கொப்புளித்தது. ரோண்டா கத்திக்கொண்டு கால்களை வயிற்றோடு இழுத்தாள். அவன் மறுபடி திருப்பினான். மறுபடி இருமியது. மூன்றாவது தடவை திருப்பும் முன்னால் நான் அவனிடம் போய்விட்டேன்.

முறிந்த விலாவோடு எப்படி எழுந்தேன் என்று கேட்காதீர்கள். சாவியைப் பிடுங்கி என் சட்டைக்குள் போட்டேன். அவன் முஷ்டியை என் வாயில் இறக்கினான். முன்பல் இரண்டு நாக்கில் கல் மாதிரி புரண்டது. தரையில் கிடந்த இன்னொரு ஸ்கீயை எடுத்து அவன் காதோடு சேர்த்து அடித்தேன். அடி நன்றாக விழுந்தது. அவன் விழவில்லை. கூரை வேலை செய்கிறவன், கழுத்தே என் தொடை அளவு. என் குரல்வளையைப் பிடித்துப் படகின் விளிம்பில் மல்லாத்தினான். தலை தண்ணீருக்கு மேல் தொங்கியது. மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கத்தி பையில்தான் இருந்தது. கை போகவில்லை.

அப்போது அவன் கழுத்தில் கயிறு விழுந்தது.

ரோண்டா பலகை மேல் ஏறிவிட்டிருக்கிறாள். படகு இழுக்கிற கயிற்றை ஒரு வளையமாக அவன் தலைவழியே போட்டு, இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, பின்பக்கமாக ஏரிக்குள் விழுந்தாள். தன் எடை முழுவதையும் போட்டு விழுந்தாள். கோல்பியின் விரல்கள் என் தொண்டையைக் கீறிக்கொண்டு போயின. எஞ்சின் பெட்டியில் முதுகு இடித்து, பின்விளிம்பில் தலை இடித்து, அவனும் தண்ணீருக்குள் போனான்.

தண்ணீருக்குள் நடந்ததை நான் பார்க்கவில்லை. வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். பார்த்தபோது அவள் தலை முதலில் வந்தது. மிதவைச் சட்டை தூக்கிவிட்டது. அவனுக்கு அந்தச் சட்டை இல்லை. ஜீன்சும் பூட்சும். அவள் பலகையில் ஏறி உருண்டு உள்ளே விழுந்தாள். அவன் இருமிக்கொண்டே வந்து பலகையின் விளிம்பைப் பத்து விரலாலும் பிடித்தான்.

"உன்னக் கொல்லப் போறேன்," என்றான். "மொதல்ல அதுங்க ரெண்டையும். நீ பாக்கப் பாக்க."

சாவியை அவளிடம் நீட்டினேன். வாயில் ரத்தக் கூழ். "கிளப்பு. ஏத்து அவன் மேல."

ரோண்டா சாவியைப் போட்டாள். திருப்பவில்லை.

"திருப்புடி!"

"கை இருக்குப்பா."

"அதுக்குத்தான் சொல்றேன்! அவன் உனக்குத் திருப்பினான்ல!"

"நான் அவன் இல்ல," என்றாள். "ஆள் இருக்கையில திருப்ப மாட்டேன். நீ வாய மூடு."

நானாக இருந்தால் திருப்பியிருப்பேன். இன்றைக்கும் திருப்புவேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை.

அவள் ஸ்கீயை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். "எடு கைய," என்றாள். அவன் காறித் துப்பினான். ஸ்கீயின் விளிம்பால் விரல்கள் மேல் அடித்தாள். நிதானமாக, விறகு பிளக்கிற மாதிரி. முதல் அடியில் வலது கை. எலும்பு நொறுங்கியது கேட்டது. அவன் ஊளையிட்டு இடது கையை இறுக்கினான். அதற்கும் விழுந்தது. மூன்று அடி தேவைப்பட்டது. விரல் ஒன்று பின்பக்கமாக மடிந்து தொங்கியது. விட்டான். காற்று படகை நகர்த்தியது. அவனுக்கும் பலகைக்கும் நடுவே தண்ணீர் அகலமாகும் வரை அவள் சாவியைத் தொடாமல் நின்று பார்த்தாள். மிதக்கிற திண்டு ஒன்றை எடுத்து அவன் மூஞ்சியில் வீசினாள்.

"புடிச்சுக்கோ. செத்துத் தொலையாத."

பிறகுதான் திருப்பினாள். நாலாவது தடவை பிடித்தது.

ஐரீன் தொலைநோக்கியில் எல்லாவற்றையும் பார்த்து ஏரிப் போலீசுக்குச் சொல்லிவிட்டிருந்தாள். நாங்கள் துறைக்கு வந்து, அவள் துணியால் ரோண்டாவின் தொடையைக் கட்டி முடிப்பதற்குள், போலீஸ் படகு கோல்பியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. போர்வைக்குள் நடுங்கினான். கைகள் இரண்டும் கத்திரிக்காய் மாதிரி வீங்கியிருந்தன. இரண்டு அதிகாரிகள். ஒருவன் இளந்தாரி. இன்னொருத்தி உயரமான பொம்பளை.

கோல்பி சிரித்தான். அந்தச் சிரிப்பை என் வாசலில் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

"வெளையாட்டு வெனையாப் போச்சு, சார். குடும்பத்துக்குள்ள நடந்தது. பெருசு கொஞ்சம் தண்ணியப் போட்டுட்டாரு." குரலைத் தாழ்த்தினான். "ரோண்டா. கண்ணு. வா, வீட்டுக்குப் போவோம். பிள்ளைங்க தேடும்."

ரோண்டா எழுந்து நின்றாள். நான் அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கம் எட்டு வைக்கிறாள் என்று. அவன் பக்கம்தான் வைத்தாள்.

அவனைத் தாண்டி, பொம்பளை அதிகாரியின் முன்னால் போய் நின்றாள்.

"எழுதிக்கோங்க. காது, தொடை, நெத்தி மூணும் இவன் செஞ்சது. எங்கப்பா பல்லும் இவன்தான். நான் பலகையில தொங்கும்போது சாவியத் திருப்பினான். ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ."

இளந்தாரி அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு கோல்பியைப் பார்த்தான். ஏரிக்கரைப் பையன்தான் போல. "பலகையில ஆள் இருக்கையிலயா?" என்றான்.

கோல்பியின் முகம் மாறியது. போர்வையை உதறிவிட்டு ரோண்டாவின் மேல் பாய்ந்தான். வீங்கிய கையாலேயே அவள் முடியைப் பிடித்துத் துறைப் பலகையில் இழுத்துப் போட்டான். பொம்பளை அதிகாரி தடியால் அவன் முழங்காலில் ஒன்று போட்டாள். விழுந்தவனுடைய மூக்கு, படகு கட்டுகிற இரும்பில் பட்டு உடைந்தது. முதுகில் முட்டியை ஊன்றி விலங்கு மாட்டினார்கள். ரத்தக் குமிழி விட்டுக்கொண்டு அவன் சொன்ன வார்த்தைகளை நான் எழுத மாட்டேன். டெல்லாவின் பெயரும் அதில் இருந்தது.

அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்களையும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். வருகிறோம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என்றாள் ரோண்டா.

பிக்கப்பின் சாவி கோல்பியின் பையில் போய்விட்டது. ஐரீன் தன் காரின் சாவியைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, ரத்தம் வழிந்த மஞ்சள் படகைப் பார்த்தாள்.

"கழுவினாப் போயிரும். நாளைக்கு ஒருத்தன் பாக்க வர்றேன்னிருக்கான். காட்டட்டுமா?"

"காட்டாதீங்க," என்றாள் ரோண்டா. "நான் எடுத்துக்கறேன். திருப்பத்துல நல்லா நிக்குது."

காரில் அவள்தான் ஓட்டினாள். ஒரு காதில் பஞ்சு. உள்ளங்கைத் தோல் கயிற்றில் உரிந்து வந்திருந்தது, சக்கரத்தில் ஒட்டி ஒட்டி எடுத்தது. சர்ச்சுக்கு அடுத்து வருகிற நாற்சந்தியில் இடது பக்கம் திரும்பினால் கோல்பியின் வீடு. அவளுடைய துணிமணி, அடுப்பு, படுக்கை எல்லாம் அங்கேதான். வலது பக்கம் திரும்பினால் பிள்ளைகள் இருக்கிற என் தங்கச்சி வீடு, அதைத் தாண்டினால் என் வீடு.

சந்தியில் வண்டியை நிறுத்தினாள். முன்னும் பின்னும் வேறு வண்டி இல்லை. ஆனாலும் நிறுத்தியபடியே உட்கார்ந்திருந்தாள்.

"என்ன?" என்றேன். வாயில் சொல் உருப்படியாக வரவில்லை.

"ரூபியோட கரடி பொம்ம அங்க இருக்கு. அது இல்லாமத் தூங்க மாட்டா."

"ரோண்டா."

"தெரியும்ப்பா."

வலது பக்கம் திருப்பினாள். நான் கண்ணாடியை இறக்கி, வாயில் நிறைந்திருந்ததைத் துப்பினேன்.